அய்யன் மணி ஏன் தோற்க வேண்டும்?

மும்பை வொர்லியில் பி.டி.டி. சால் என்ற பழைய குடியிருப்புகள் உண்டு. 1920களில் பம்பாய் வளர்ச்சித் துறை கட்டியவை. அங்கே ஒற்றை அறையில் மனைவி ஓஜாவோடும் மகன் ஆதியோடும் காலம் தள்ளுகிறவன் அய்யன் மணி. பெரிய விஞ்ஞான நிறுவனம் ஒன்றில் இயக்குநருக்கு உதவியாளர் வேலை. அங்கே பிரபஞ்சத்தைப் பற்றி விவாதிக்கிறவர்கள் பெரும்பாலும் பிராமணர்கள். அவர்களுக்குக் கடிதம் தட்டச்சு செய்து, தொலைபேசியை எடுத்து, வந்தவர்களை வாசலில் உட்கார வைக்கிற அய்யன் ஒரு தலித். இந்த ஆள் ஒரு காரியம் செய்கிறான். படிப்பில் சாதாரணமான தன் மகனைக் கணித மேதை என்று ஊரையே நம்ப வைக்கிறான். கேள்வியையும் பதிலையும் முதல் நாளே மனப்பாடம் செய்ய வைத்து வகுப்பில் ஆசிரியரை மடக்கச் சொல்வான். பத்திரிகையில் செய்தி வரும்படி பார்த்துக்கொள்வான். மனு ஜோசப் ஆங்கிலத்தில் எழுதி 2010இல் வெளிவந்த ‘சீரியஸ் மென்’ நாவலின் கதை இது. அந்த ஆண்டு ‘தி இந்து’ இலக்கியப் பரிசையும், அடுத்த ஆண்டு அமெரிக்காவின் பென் அமைப்பு வழங்கும் பரிசையும் அது பெற்றது. பத்து ஆண்டு கழித்து, 2020 அக்டோபர் 2 அன்று, சுதீர் மிஸ்ரா இயக்கத்தில் அது இந்திப் படமாக நெட்ஃபிளிக்ஸில் வந்தது. அய்யனாக நவாசுதீன் சித்திக், அவனுடைய மேலதிகாரி அரவிந்த் ஆச்சார்யாவாக நம் நாசர். சித்திக்கின் பெயர் 2021இல் சர்வதேச எம்மி விருதுக்கான இறுதிப் பட்டியலுக்குப் போனது. கதாநாயகன் பெயரிலேயே தமிழ் இருக்கிறது. படத்தில் அவன் மும்பையில் வாழும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. ஆனாலும் நம் பக்கத்தில் இந்தப் படம் பேசப்பட வேண்டிய அளவுக்குப் பேசப்படவில்லை.

நாவலையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு முகத்தில் அறைகிறது. நாவலில் அய்யன் ஜெயிக்கிறான். விஞ்ஞானிகள் தங்களுக்குள் சாதித் திமிரோடு பேசிக்கொண்டதை ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்து, அதையே ஆயுதமாக்கி, நிறுவனத்தின் தலையெழுத்தை மாற்றி, பொய்யும் வெளிப்படாமல் தப்பித்துவிடுகிறான். படத்தில் அவன் உடைகிறான். மகனின் மனம் சிதைவதைக் கண்டு குற்ற உணர்வில் நொறுங்கி, கடைசியில் குடும்பத்தோடு மும்பையை விட்டே வெளியேறுகிறான். எழுத்தில் தப்பித்தவன் திரையில் ஏன் தண்டிக்கப்பட வேண்டியிருந்தது என்ற கேள்விதான் இந்தக் கட்டுரை. ஒரு மக்கள் கூட்டத்தின் மேல் குத்தப்பட்ட முத்திரையைக் கிண்டல் செய்யும் நாவல் திரைக்கு வரும்போது பெரும்பாலும் அதன் பல் பிடுங்கப்படுகிறது. தயாரிப்பாளரின் பயமும் தணிக்கையும் இதற்குக் காரணம் என்று சொல்லிவிடுவது வழக்கம். அவை இரண்டாம்பட்சக் காரணங்கள் என்பது என் வாதம். நாவலில் கதை சொல்லும் குரல் ஒரு வேலை செய்கிறது. திரையில் அந்த வேலையை யாரிடம் ஒப்படைப்பது என்று யோசிக்காமல் படமெடுப்பதுதான் முதல் காரணம்.

அந்தக் குரலின் வேலையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். அய்யனின் பொறுப்புகளில் ஒன்று, நிறுவனத்தின் கரும்பலகையில் தினமும் ஒரு பொன்மொழி எழுதுவது. அவன் பொன்மொழிகளைத் தானே இட்டுக்கட்டி, பெரிய மனிதர்களின் பெயரைக் கீழே போட்டுவிடுவான். இட ஒதுக்கீட்டைக் கேலி பேசும் அறிவாளிகளைச் சுருக்கென்று குத்தும்படி ஒரு வாக்கியம் எழுதி, அதன் அடியில் ஒரு நோபல் விஞ்ஞானியின் பெயரைச் சேர்த்தால் யாருக்கும் வாய் திறக்க வராது. சொன்னது யார் என்று பார்த்துத்தான் சரி தவறு தீர்மானிக்கிறீர்கள் என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லாமல் சொல்கிற வித்தை அது. வாசகர்களாகிய நாம் அய்யனின் மண்டைக்குள் உட்கார்ந்து இதைப் பார்க்கிறோம். சாக்பீஸ் பிடித்த கை அவனுடையது, சிரிப்பு நம்முடையது. அந்தச் சிரிப்பு அடங்குமுன் அவன் நம்மையும் ஏமாற்றுகிறானோ என்ற சந்தேகம் வருகிறது. தலித் பிள்ளை மேதையானால் அது அதிசயம், அதிசயமென்றால் அது செய்தி. இந்த நினைப்பு சமூகத்தில் இருப்பதால்தான் அவன் பொய் விலைபோகிறது. பத்திரிகைக்காரர்கள் நம்புகிறார்கள், கன்னியாஸ்திரி தலைமையாசிரியை மதம் மாறச் சொல்லிப் பார்க்கிறார், அரசியல்வாதி தோளில் கைபோட வருகிறார். ஏமாந்தவர்கள் எல்லோரும் நல்லெண்ணக்காரர்கள். இழிவாகப் பார்ப்பவனையும் இரக்கத்தோடு பார்ப்பவனையும் ஒரே கூண்டில் ஏற்றுகிற இடத்தில்தான் நாவலின் காரம் இருக்கிறது.

இதே காரத்தை இன்னும் கூர்மையாக அரைத்தவர் அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் பெர்சிவல் எவரெட். 2001இல் வெளிவந்த அவருடைய ‘எரேஷர்’ நாவலின் நாயகன் மங்க் எலிசன் ஒரு பேராசிரியர், கிரேக்கத் தொன்மங்களை மறுபடி எழுதுகிறவர். பதிப்பாளர்களோ அவர் புத்தகம் போதுமான அளவு ‘கறுப்பாக’ இல்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள். துப்பாக்கி, போதை, சேரி, உடைந்த ஆங்கிலம் இதெல்லாம் இருந்தால்தான் கறுப்பர் கதையாம். வெறுத்துப்போன மங்க், புனைபெயரில் அப்படியொரு குப்பையைக் கேலிக்கென்றே எழுதி அனுப்புகிறார். பெரும் பணம் வருகிறது, சினிமா உரிமை விலைபோகிறது, பரிசுக்குழு மெச்சுகிறது. அந்தக் கேலிக் குறுநாவல் முழுவதையும் எவரெட் தன் நாவலுக்குள்ளேயே அச்சிட்டிருக்கிறார். பக்கம் பக்கமாக அதைப் படித்துத்தான் ஆக வேண்டும். படிக்கப் படிக்க ஒரு கட்டத்தில் அது சுவாரசியமாக இருக்கிறதே என்று வாசகனுக்கே உறைக்கும். எவரெட் விரித்த வலை அதுதான். 2023இல் கார்ட் ஜெஃபர்சன் இந்த நாவலை ‘அமெரிக்கன் ஃபிக்‌ஷன்’ என்ற பெயரில் படமாக்கினார், அவருக்கு இயக்குநராக அதுதான் முதல் படம். 2024 மார்ச்சில் தழுவல் திரைக்கதைக்கான ஆஸ்கர் கிடைத்தது. ஆனால் அந்தக் குறுநாவல் படத்தில் ஒரே காட்சியாகச் சுருங்கிவிட்டது. மேசையில் மங்க் எழுத, அவர் படைக்கும் பாத்திரங்கள் அறைக்குள்ளேயே நின்று வசனம் பேசி, நடுவில் திரும்பி அவரிடம் சந்தேகம் கேட்கிறார்கள். அருமையான காட்சிதான். ஆனாலும் நாவலின் வலை அங்கே அறுந்துபோகிறது. பார்வையாளனுக்கு அந்தக் குப்பையை ரசிக்க அவகாசம் இல்லை, அதனால் அவன் குற்றவாளியாவதும் இல்லை. சிரித்துவிட்டுப் பாதுகாப்பாக வெளியே வந்துவிடுகிறான்.

ஜெஃபர்சனுக்கு இந்த இழப்பு தெரிந்தே இருக்கிறது. எனவே கணக்கைக் கடைசியில் நேர் செய்யப் பார்க்கிறார். படத்தின் முடிவு ஒன்றல்ல. மங்க் தன் கதையை ஒரு ஹாலிவுட் இயக்குநரிடம் சொல்ல, முதல் முடிவு பிடிக்கவில்லை, இரண்டாவதும் பிடிக்கவில்லை. போலீஸ் சுட்டு மங்க் சாகிற முடிவைச் சொன்னதும் இயக்குநருக்கு வாயெல்லாம் பல். கறுப்பன் திரையில் செத்தால்தான் சினிமாவுக்கு நிறைவு என்பதைச் சினிமாவை வைத்தே காட்டிவிட்டார். நாவலில் இல்லாத இந்த உத்தி படத்துக்குச் சொந்தமானது. கேமராவுக்குப் பின்னால் நிற்கிற வியாபாரத்தையே பாத்திரமாக்கி, கதைசொல்லியின் வேலையை அதனிடம் ஒப்படைத்தது புத்திசாலித்தனம். தழுவல் என்றால் நாவலுக்கு அடிமைச் சாசனம் எழுதிக்கொடுப்பதல்ல, நாவல் செய்த வேலையைச் செய்ய வேறு ஆள் தேடுவது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் சமீபத்தில் இல்லை.

‘சீரியஸ் மென்’ படம் அப்படி ஆள் தேடவில்லை என்பதுதான் என் குறை. நல்ல விஷயங்கள் அதில் இல்லாமல் இல்லை. தலைமுறைக் கணக்கை அலைபேசி வேகத்தின் பெயரால் அய்யன் சொல்வது அதில் ஒன்று. அடுத்த வேளைச் சோற்றுக்கு அலைந்த அப்பன் ஒன்று, எழுதப் படிக்கக் கற்ற தான் இரண்டு, எதையும் செய்யாமலே மதிக்கப்படும் நான்காம் தலைமுறைக்குப் போய்ச் சேர இன்னும் தூரம் இருக்கிறது என்கிற அந்தக் கணக்கு, நம் ஊரில் முதல் பட்டதாரியைப் பெற்ற எந்த வீட்டுக்கும் விளக்கவுரை இல்லாமலே புரியும். இந்தி சினிமாவில் தமிழன் என்றால் 1968இல் ‘படோசன்’ படத்தில் மெஹ்மூத் செய்த சேட்டையும், 2013இல் ‘சென்னை எக்ஸ்பிரஸ்’ காட்டிய அரிவாள் கூட்டமும்தான். அந்தப் பாணிச் சில்லறைச் சிரிப்பைச் சுதீர் மிஸ்ரா தொடவில்லை. இரண்டையும் மனமாரப் பாராட்டலாம். சிக்கல் பிற்பாதியில் வருகிறது. காதில் மாட்டிய கருவி வழியே அப்பன் சொல்லச் சொல்ல மேடையில் ஒப்பித்த சிறுவன், சுமை தாங்காமல் தடுமாறத் தொடங்குகிறான். அந்தக் கணத்திலிருந்து கேமரா அய்யனை விட்டுவிட்டுச் சிறுவனின் முகத்தில் போய் உட்காருகிறது. நம் கண் கலங்குகிறது. கலங்கிய கண்ணுக்கு நிறுவனமும் தெரியவில்லை, பள்ளியும் தெரியவில்லை, மகனை வியந்த பத்திரிகைகளும் தெரியவில்லை. தெரிவது ஒரே ஒரு குற்றவாளி, பேராசை பிடித்த அப்பன். முதல் பாதியில் ஊரையே கூண்டில் ஏற்றிய கதை, பிற்பாதியில் அத்தனை பேரையும் விடுவித்துவிட்டு அய்யனை மட்டும் உள்ளே தள்ளுகிறது. மேலே போக ஆசைப்பட்டவன் சறுக்கி விழுந்து, ஊரைப் பார்க்கப் போய்விடுகிறான். சாதி எதிர்பார்ப்பதும் இதே முடிவைத்தான் என்பது படத்தை எடுத்தவர்களுக்கு உறுத்தாமல் போனது ஆச்சரியம்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. நாவலே யோக்கியமா என்று கேட்பார்கள். தந்திரக்காரன், பொய்யன், பொறாமைக்காரன் என்று ஒரு தலித்தை வரைந்துவிட்டு அதற்குப் பகடி என்று பெயர் வைப்பது சாதிக்காரனின் பழைய வசவுக்குப் புது அட்டை போடுவதுதானே? ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் தலித் பாத்திரங்களைக் கையாளும் விதம் பற்றி இப்படியான கேள்விகள் நெடுநாளாக உண்டு. இதில் பாதி உண்மை. மனு ஜோசப்பின் எள்ளலுக்குத் தராசு கிடையாது. போகிற போக்கில் பெண்களையும் ஏழைகளையும் அவர் உரசிவிட்டுப் போகிற இடங்கள் நாவலில் இருக்கின்றன. அப்பனின் விளையாட்டில் பிள்ளை படும் பாட்டை நாவல் அதிகம் கண்டுகொள்ளவில்லை. படம் அதைக் கண்டது, அந்தத் திருத்தம் நியாயமானது. ஆனால் பிள்ளையின் வேதனையைக் காட்டுவதற்கு அப்பனைத் தோற்கடிக்க வேண்டிய அவசியம் எங்கிருந்து வந்தது? வேதனையைக் காட்டிவிட்டு, அதை உண்டாக்கியதில் கைதட்டிய கூட்டத்தின் பங்கு எவ்வளவு என்று கேட்டிருக்கலாம். அதோடு, ஒடுக்கப்பட்டவன் திரையில் எப்போதும் நல்லவனாகவே, பாவமாகவே இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் ஒரு முத்திரைதான். மேல்சாதிப் பாத்திரத்துக்குக் கள்ளத்தனம் செய்யும் உரிமை உண்டு. அது அவனுடைய தனிக் குணமாகப் போய்விடும். அய்யன் செய்தால் மட்டும் சாதிக்கே கணக்கெழுதப்படும் என்றால், மாற்ற வேண்டியது கணக்கெழுதுகிற கையை.

தமிழ் சினிமாவிலும் இந்தச் சறுக்கலுக்குச் சாட்சி இருக்கிறது. ஜெயமோகனின் ‘ஏழாம் உலகம்’ நாவலில் போத்திவேலு பண்டாரம் என்று ஒருவர் வருகிறார். கைகால் இல்லாதவர்களையும் கண் இல்லாதவர்களையும் உருப்படி என்று எண்ணி வாங்கி, விற்று, பழனியில் பிச்சைக்கு உட்கார வைத்துச் சம்பாதிப்பது அவர் தொழில். அதே பண்டாரம் முருக பக்தர், மகள்களுக்கு நல்ல இடம் அமைய வேண்டுமே என்று தவிக்கிற பாசக்காரத் தகப்பன். அந்தத் தவிப்பு நம் வீட்டுத் தவிப்பு மாதிரியே இருப்பதால் வாசகனுக்கு அவரை வெறுக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. உருப்படிகளோ தங்களுக்குள் அடிக்கிற நக்கலில் கடவுளிலிருந்து முதலாளி வரை யாரையும் விடுவதில்லை. 2009இல் பாலா இதை ‘நான் கடவுள்’ படத்துக்கு எடுத்துக்கொண்டார். வசனம் ஜெயமோகனே எழுதினார், பாலாவுக்குச் சிறந்த இயக்குநருக்கான தேசிய விருதும் கிடைத்தது. காவல் நிலையத்தில் நடக்கும் ஆட்டபாட்டக் காட்சியில் நாவலின் நக்கல் கொஞ்சம் உயிரோடு இருக்கிறது. ஆனால் பண்டாரத்தின் இடத்துக்குத் தாண்டவன் வந்துவிட்டான், பார்த்த மாத்திரத்தில் குலைநடுங்க வைக்கிற கொடூரன். காசியிலிருந்து அகோரி ஒருவர் வந்து அவனை ஒழித்துக்கட்டுகிறார். பண்டாரத்தைப் பார்த்து ‘இது நானும்தானோ’ என்று நினைத்திருக்க வேண்டிய பார்வையாளன், தாண்டவனைப் பார்த்து ‘இது நானில்லை’ என்று நிம்மதியாக மூச்சுவிடுகிறான். வில்லன் வந்து சேர்ந்த இடத்தில் பகடி நடையைக் கட்டிவிடும்.

அப்படியானால் திரையில் இது முடியவே முடியாதா என்றால், முடியும். மடோன் அஸ்வின் 2021இல் எடுத்த ‘மண்டேலா’ நாவலிலிருந்து வந்ததல்ல, நேரடித் திரைக்கதை. இருந்தாலும் பாடம் அங்கே கிடைக்கிறது. ஊரில் முடிவெட்டுகிறவனுக்குச் சொந்தமாக ஒரு பெயர்கூட இல்லை. வாய்க்கு வந்தபடி ‘இளிச்சவாயன்’ என்று கூப்பிடுகிறார்கள். அஞ்சலகத்தில் அடையாள அட்டைக்காக நெல்சன் மண்டேலா என்று பெயர் வைத்ததும், உள்ளாட்சித் தேர்தலில் ஊரின் இரண்டு சாதிகளும் சமமாக நிற்க, அவனுடைய ஒற்றை ஓட்டு விலைமதிப்பற்றதாகிவிடுகிறது. அறிமுக இயக்குநருக்கும் வசனத்துக்கும் தேசிய விருதுகள் பெற்ற படம். அதில் யோகி பாபு இருந்தது சாதாரண விஷயமில்லை. அவருடைய முகத்தையும் தலைமுடியையும் உடம்பையும் வைத்து எத்தனை படங்களில் எத்தனை கதாநாயகர்கள் வாய்க்கு வந்தபடி ஜோக்கடித்திருக்கிறார்கள்! அதே முகம் ‘மண்டேலா’வில் பேசாமல் ஊரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பார்க்கப்பட்டவன் பார்க்கிறவனாகிறான். ஊர்க்காரர்கள் அவனுக்குச் செய்கிற உபசாரமெல்லாம் அவன் கண்வழியே நமக்கு வருவதால் கேலி அவர்கள் மேலேயே போய் விழுகிறது. கடைசிவரை கேமரா அவனை விட்டு அகலவில்லை. ‘சீரியஸ் மென்’ பாதியில் கைவிட்டதை ‘மண்டேலா’ கைவிடவில்லை.

நாவலின் கதைசொல்லிக்குத் திரையில் மாற்று ஆள் வேண்டும் என்றேன். அந்த ஆளைத் தேடி ஹாலிவுட்டுக்குப் போக வேண்டியதில்லை. அரிமளம், திருமயம், அறந்தாங்கிப் பக்கத்துத் திருவிழாப் பந்தலில் போய் உட்கார்ந்தால் போதும். புதுக்கோட்டைச் சீமை ஸ்பெஷல் நாடகத்தின் தாய்வீடுகளில் ஒன்று. நாடக நடிகர்களுக்கு இங்கே தனிச் சங்கமே உண்டு. ஸ்பெஷல் நாடகத்துக்குக் குழு கிடையாது, ஒத்திகை கிடையாது. ராஜபார்ட்டுக்கு ஒருவர், ஸ்திரீபார்ட்டுக்கு ஒருவர், பபூனுக்கு ஒருவர் என்று தனித்தனியாகத் தேதி கொடுத்து வருகிறவர்கள், அன்றிரவுதான் மேடையில் சேர்கிறார்கள். ‘வள்ளி திருமணம்’ என்றால் எல்லோருக்கும் மனப்பாடம். இரவு பத்து மணி வாக்கில் ஆர்மோனியம் சுதி பிடித்து, மிருதங்கமும் ஆல்ரவுண்ட் தாளக் கருவிகளும் சேர்ந்துகொண்டதும், முருகனுக்கும் வள்ளிக்கும் முன்னால் மேடைக்கு வருகிறவர் பபூன். அவர் கதைக்குள் இன்னும் போகவில்லை. கூட்டத்தைப் பார்த்து நேராகப் பேசுகிறார்; முன்வரிசைப் பெரிய மனுஷனைச் சீண்டுகிறார், ஆர்மோனியக்காரரைச் சாட்சிக்கு இழுக்கிறார், தன்னையே மட்டம் தட்டிக்கொள்கிறார். சொல்லக்கூடாததைச் சொல்ல வேண்டி வந்தால் அது வேறெங்கோ யாருக்கோ நடந்தது என்று தள்ளிவைத்துச் சொல்கிறார். சிரிக்கிறவர்களுக்குத் தெரியும், அந்த வேறெங்கோ இந்தப் பந்தல்தான் என்று. அமெரிக்க மானிடவியலாளர் சூசன் சைசர் மதுரை வட்டாரத்தில் ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களோடு பழகி ஆராய்ந்து 2005இல் வெளியிட்ட நூல் இந்தத் தந்திரங்களை விரிவாகப் பேசுகிறது. கூத்தாடி என்று ஊர் குத்திய முத்திரையைச் சுமந்துகொண்டே அந்தக் கலைஞர்கள் எப்படி மேடையேறுகிறார்கள் என்பதும் அந்த ஆய்வின் மையம். முத்திரை குத்தப்பட்டவனே முத்திரையைக் கையில் எடுத்து, குத்தியவன் முகத்துக்கு நேரே திருப்பிக் காட்டுகிறான். கரும்பலகை முன்னால் நிற்கிற அய்யன் மணிக்கும் பந்தலில் நிற்கிற பபூனுக்கும் தொழில் ஒன்றுதான்.

உடனே கேட்பார்கள், பபூன் அவ்வளவு யோக்கியனா என்று. இல்லை. பெண்களை வைத்து அடிக்கிற இரட்டை அர்த்த ஜோக்குகளைக் கலை என்று சப்பைக்கட்டுக் கட்ட வேண்டியதில்லை. குறவன் குறத்தி ஆட்டத்தின் கதை இன்னும் கசப்பானது. ஒரு சமுதாயத்தின் பெயரை வைத்துக்கொண்டு ஆபாச ஆட்டம் போடுவது தங்களை இழிவுபடுத்துகிறது என்று குறவர் சமுதாயத்தினர் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை போனார்கள். 2023இல் தமிழக அரசு அதற்குத் தடை விதித்தது. முருகனின் மனைவியைக் குறத்தி என்று கும்பிடுகிற ஊர், அடுத்த மேடையில் குறத்தியைக் கேவலமாக ஆடவிட்டு விசிலடித்திருக்கிறது. சினிமாவும் குறையில்லை. நரிக்குறவர் வேடம் கட்டி ஒரு பாட்டுப் பாடாத பெரிய கதாநாயகன் யார்? பாசியும் ஊசியும் விற்கிற அந்த உடை கதாநாயகனுக்கு மாறுவேடம். 2023 மார்ச்சில் அதே மக்கள் கையில் டிக்கெட்டோடு ‘பத்து தல’ பார்க்க வந்தபோது, சென்னையில் ஒரு திரையரங்க வாசலில் தடுத்து நிறுத்தப்பட்டார்கள். வீடியோ பரவிய பிறகுதான் அவர்களை உள்ளே விட்டது பற்றிய விளக்கமெல்லாம் வந்தது. திரைக்குள் வேடமாக நுழைய அனுமதி, திரைக்கு முன்னால் மனிதராக உட்காரத் தடை. எனவே பபூனை நான் முன்மாதிரி மனிதனாகச் சொல்லவில்லை. கூட்டத்தோடு நேரடியாகக் கணக்குத் தீர்க்கிற அவனுடைய இடத்தைச் சொல்கிறேன். கேலியின் முனை கீழே இருக்கிறவனைக் குத்தினால் அது குறவன் குறத்தி ஆட்டம். விசிலடிக்கிறவன் பக்கம் திரும்பினால் அது பகடி. மேடையும் ஆளும் ஒன்றாகவே இருக்கலாம், யாருடைய கண்ணால் பார்க்கிறோம் என்பது மட்டும் மாறும்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. 2022 டிசம்பரில் இதே புதுக்கோட்டை மாவட்டத்தில், வேங்கைவயலில், தலித் மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. விசாரிக்கப் போன மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் டீக்கடையில் இரட்டைக் குவளையைக் கண்டார்கள், கோயிலுக்குள் விடப்படாத மக்களை உள்ளே அழைத்துப் போனார்கள். 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. தாக்கல் செய்த குற்றப்பத்திரிகை அந்தக் குடியிருப்பைச் சேர்ந்த மூவரையே குற்றம் சாட்டியது. அதை ஏற்க முடியாது என்று அந்த மக்களும் பல கட்சிகளும் கொதித்தார்கள். இப்படியொரு மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு சாதியைப் பற்றிச் சிரிப்புப் படம் எடுங்கள் என்று சொல்வது எந்த வகை நியாயம்? ரத்தம் சிந்துகிற இடத்தில் ‘அசுரன்’ மாதிரி, ‘ஜெய் பீம்’ மாதிரி நேரடியாக அடிக்கிற படங்கள்தானே வேண்டும்? அவை வேண்டும்தான். பூமணியின் ‘வெக்கை’யைத் தழுவிய ‘அசுரன்’ 2019இல் செய்த வேலையை எந்தக் கிண்டலும் செய்துவிட முடியாது. ஆனால் அந்த வகைப் படங்களுக்கு ஓர் எல்லை உண்டு. வன்முறையைப் பார்த்துப் பதறுகிற பார்வையாளன், தான் அதில் பங்காளி இல்லை என்று எளிதாக நம்பிவிடுகிறான். லாக்கப்பில் அடிக்கிற போலீசாக அவன் தன்னை நினைத்துப் பார்ப்பதில்லை. இரட்டைக் குவளை வைத்த டீக்கடையில் எதிர் பெஞ்சில் உட்கார்ந்து தினமும் பேப்பர் படித்துவிட்டு எழுந்து போனவனை, தொட்டி விவகாரம் வெளிவந்ததும் ‘நம்ம ஊருக்குக் கெட்ட பேரு’ என்று மட்டும் வருத்தப்பட்டவனை, எந்தச் சோகப் படமும் தொடாது. அவனைத் தொட வல்லது பகடி. வேங்கைவயலின் வேதனையைக் கிண்டல் செய்யச் சொல்லவில்லை. அந்த எதிர் பெஞ்சுக்காரனின் மனசாட்சியைக் கிண்டல் செய்யச் சொல்கிறேன்.

யார் எடுப்பது என்ற கேள்வியும் வரும். எவரெட்டும் ஜெஃபர்சனும் கறுப்பினத்தவர்கள். அவர்கள் சொல்கிற கேலிக்குள் அவர்களுடைய சொந்தக் காயம் இருக்கிறது. ‘சீரியஸ் மென்’ நாவலை எழுதியவரும் படமெடுத்தவரும் அய்யனின் சமூகத்தைச் சேர்ந்தவர்கள் அல்ல. பிறப்பை வைத்து மட்டும் தகுதி பேசினால் கலைக்கு வேலி கட்டியதாகிவிடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தமிழில் நிலைமை மாறியிருக்கிறது. பா. இரஞ்சித், மாரி செல்வராஜ் போன்றவர்கள் வந்த பிறகு, தலித் வாழ்க்கையைத் திரையில் சொல்ல யாரிடமும் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியதில்லை. கோபமும் துயரமும் அவர்கள் படங்களில் கம்பீரமாக வந்துவிட்டன. நக்கல் இன்னும் முழுசாக வரவில்லை. அம்பேத்கர் எழுத்தில் நக்கலுக்குக் குறைவில்லை, அயோத்திதாசரின் ‘தமிழன்’ இதழிலும் குறைவில்லை. மரபு கைவசம் இருக்கிறது. தயாரிப்பாளர்தான் யோசிப்பார்: நாயகன் பொய் சொல்லித் தப்பித்தால் குடும்பம் குடும்பமாகப் பார்க்க வருவார்களா என்று. வருவார்கள். கந்துவட்டிக்காரனையும் போலீசையும் ஏமாற்றிவிட்டுக் கடைசி ரீலில் கண்ணடிக்கிற எத்தனை கதாநாயகர்களுக்கு நாம் விசிலடித்திருக்கிறோம்? அந்த நாயகனின் சாதி தெரியாதவரை யாருக்கும் ஒழுக்கம் ஞாபகத்துக்கு வந்ததில்லை.

அய்யன் மணிக்குத் தமிழில் ஒரு படம் உரியது. வொர்லியிலிருந்து தாராவிக்கு அவனை மாற்றினாலும் சரி, வேறெங்காவது ஒரு பல்கலைக்கழக அலுவலகத்தில் உட்கார வைத்தாலும் சரி. பபூனைப் போல அவனைக் கேமராவைப் பார்த்து நேராகப் பேச விடுங்கள், அவன் பிள்ளையின் அழுகையையும் மறைக்காமல் காட்டுங்கள். எழுதப்போகும் திரைக்கதை ஆசிரியருக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: கடைசி ரீலில் அவனைத் திருத்தி ஊருக்கு பஸ் ஏற்றி அனுப்பிவிடாதீர்கள்.